வலது மூலையில் ஒரு பறவை

குறை சொல்கிறவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவர்கள் பாவம், நேர்மையான மனிதர்கள். "நல்லா இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நமக்கும் திட்டித் தீர்க்க வசதியாக இருக்கும். நான் சொல்ல வந்தது வேறோர் இனம். இது சிரித்த முகத்தோடு வரும். தோளில் கை போடும். "பிரமாதம்" என்று சொல்லும், ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லும். நீங்கள் குளிர்ந்துபோய், நெஞ்சு நிமிர்ந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு "உக்காருங்க, உக்காருங்க" என்று உபசரிக்கிற அந்த நேரம் பார்த்து, தலையை லேசாகச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, ஆள்காட்டி விரலைக் கொஞ்சமாக உயர்த்தி, "ஒண்ணே ஒண்ணுதான்..." என்று இழுக்கும். தீர்ந்தது உங்கள் சந்தோஷம்.

இந்த ஒண்ணே ஒண்ணு ஆசாமியை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வாழ்நாள் சேமிப்பையெல்லாம் கொட்டி, கடன் வாங்கி, கொத்தனாரோடு சண்டை போட்டு, ஒரு வழியாக வீடு கட்டிக் குடிபோயிருப்பீர்கள். இவர் வந்து எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்சமா இருக்கு! வாசல் மட்டும் நாலு விரல் இந்தப் பக்கம் தள்ளி இருந்திருக்கலாம்" என்பார். கட்டி முடித்த வீட்டில் வாசலை எங்கே ஐயா தள்ளுவது? முடி வெட்டிக்கொண்டு வந்தால், "ஜோர்! இடது பக்கம் மட்டும் கொஞ்சம் விட்டிருக்கலாம்" என்பார். வெட்டிய முடியைத் திரும்பப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வரவா? துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். நிஜமாகவே அழுவார், அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்ததும் சுவரில் மாட்டியிருக்கும் இறந்தவரின் படம் கண்ணில் படும். "அப்பா படத்தை வலது பக்கம் இத்துனூண்டு தூக்கு, சாஞ்சிருக்கு பாரு." செத்தும் நிம்மதி கிடையாது.

இவர்களுக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு திருத்தம்தான் சொல்வார்கள். அதைச் செய்து முடித்தால் அடுத்தது வரும், அதுவும் ஒன்றே ஒன்றுதான். சொன்னதை நீங்கள் செய்யாவிட்டால் கோபிக்க மாட்டார்கள். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் செய்கிற வரைக்கும் அங்கேயே நிற்பார்கள். இவர் தம் கையால் எதையாவது செய்து பார்த்தவரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். செய்கிறவனுக்குத் திருத்த எங்கே நேரம்?

பொதுவாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எங்கள் ஊர்க் கண்காட்சியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் கலைஞர்கள் இருக்கிறார்கள் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் அவர்களுடைய சொந்தக்காரர்கள். இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை, ஊர்க்கோடியில் இருக்கும் பழைய தானியக் கிடங்கைக் கூட்டிப் பெருக்கி, எலிகளுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி, ஒரு கூட்டுக் கண்காட்சி வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு சரக்கில் வேலை செய்கிறவர்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் நீர்வண்ணத்தில் வரைவார். வரைவதெல்லாம் சாத்திய கதவுகள். வேலைக்காலம் முழுக்கச் சாத்திய கதவுகளையே பார்த்த மனிதர், வேறு எதை வரைவார்? வெல்டர் பழைய இரும்பில் மிருகங்கள் செய்வார். சலூன்காரர் தம் கடையில் விழும் முடியை நிறம் பிரித்துச் சேர்த்து, அட்டையில் ஒட்டி, வாடிக்கையாளர்களின் முகத்தை அவரவர் முடியாலேயே ஆக்கிவிடுவார். வழுக்கை விழுந்தவர்கள் தங்களுக்கு மட்டும் படம் இல்லையே என்று குறைப்பட்டுக்கொள்வதும் உண்டு. ஸ்டூடியோ வைத்திருக்கும் போட்டோக்காரர் ஊரார் வீட்டு ப்ரிட்ஜ்களைத் திறந்து உள்ளே இருப்பதை மட்டும் படம் எடுப்பார். கேட்டால், "ஆளுங்க கேமராவைப் பாத்தா நடிக்கிறாங்க, கத்திரிக்காய் நடிக்கிறதில்ல" என்பார். ஐந்தாவதாகத் தையல்காரம்மா. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆறாவது ஆள்தான் நம் கதாநாயகர், ஏணிக்காரர். கடைத்தெருவில் இரண்டு கடைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். ஆகவே வேலை கிடையாது, நேரம் உண்டு. அந்தக் கிடங்கின் சுவரில் ஆணி இறங்காது, அடித்தால் காரை பெயர்ந்து காலில் விழும். கூரைக்குக் கொஞ்சம் கீழே, அந்தக் காலத்தில் தராசு தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன. எந்தப் படத்தையும் அதிலிருந்து கம்பி கட்டித்தான் தொங்கவிட வேண்டும். அத்தனை உயரத்துக்கு எட்டக்கூடிய ஏணி ஊரிலேயே இவரிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் மாமனார் வீட்டு ஏணி. அழைப்பிதழை அச்சடித்தவன் நான் என்பதால் எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே அவருடைய ஊடகத்தைப் போட வேண்டும் என்றார்கள். நீர்வண்ணம், இரும்பு, முடி, புகைப்படம், துணி என்று எழுத்துக் கோத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் இவருக்கு நேரே 'ஏணி' என்று கோத்தேன். அவரும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அந்த அழைப்பிதழைப் பற்றி அவர் சொன்ன ஒன்றே ஒன்றை மட்டும் இங்கே எழுத மாட்டேன், எனக்கு ரத்தக்கொதிப்பு.

இந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. திறப்புக்கு முந்தின நாள் மத்தியானம் எல்லோரும் கிடங்கில் கூடுவார்கள். அவரவர் படைப்பின் மேல் போர்த்தியிருக்கும் துணியை விலக்குவார்கள். சுற்றி நின்று பார்த்து, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் தலையாட்டினால்தான் அது கொக்கிக்குப் போகும். சண்டை வரக் கூடாது என்று நல்லெண்ணத்தில் வைத்த பழக்கம். ஆனால் கடைசித் தலை ஏணிக்காரருடையது. அந்தத் தலை ஆடினால்தான் ஏணி நகரும். இதில் உள்ள வில்லங்கம் உங்களுக்குப் புரிந்திருக்கும், அவர்களுக்குப் பல வருஷமாகப் புரியவில்லை.

இந்த வருஷம் ஏணிக்காரர் முந்தின நாள் வரைக்கும் காத்திருக்கவில்லை. ஒரு மாதம் முன்னாலேயே ஒவ்வொருவர் வீடாகக் கிளம்பிவிட்டார். தபால்காரர் வீட்டில் போய்ப் பச்சைக் கதவு ஒன்றின் முன்னால் நின்றார்.

"பிரமாதம் சார். பிரமாதம். ஒண்ணே ஒண்ணுதான். வலது மூலையில மேல ஒரு பறவை இருந்தா நிறைவா இருக்கும்."

"கதவுலயா? பறவை எங்கங்க உக்காரும்?"

"அது உக்காந்துக்கும் சார். நீங்க போடுங்க."

ஏன் பறவை என்று கேட்கிறீர்களா? அவருக்கே தெரியாது. அவர் வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது. ஆனால் சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு தெளிவு இருக்கும் பாருங்கள், டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி, எதிர்த்துக் கேட்க நமக்கே கூச்சமாகிவிடும். தபால்காரரும் இரண்டு நாள் முனகினார், மூன்றாம் நாள் தூரிகையை எடுத்துவிட்டார். ஒரு பறவைதானே, போட்டுத் தொலைத்தால் போகிறது, இதற்காக ஏணியைப் பகைத்துக்கொள்ளவா முடியும்?

சலூன்காரரும் இதையேதான் நினைத்தார். வெல்டரின் மிருகங்களுக்குக் கொக்கி வேண்டாம், ஆனால் தலையாட்டல் வேண்டுமே, அவரும் இதையேதான் நினைத்தார். போட்டோக்காரரும் அப்படியே. ஆனால் ஒருவரும் மற்றவரிடம் மூச்சு விடவில்லை. ஒவ்வொருவரும் இந்தக் குறை தம்முடைய படைப்பில் மட்டும்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டு, வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று வாயை இறுக மூடிக்கொண்டு, அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பறவை செய்துகொண்டிருந்தார்கள்.

பாக்கி இருந்தது தையல்காரம்மா. பள்ளிச் சீருடை தைக்கிறவர். இரண்டு அறை வீடு. அதில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள், தையல் மெஷின், வெட்டிய துணி ஒரு மூட்டை, வெட்டாத துணி நாலு மூட்டை, போதாக்குறைக்கு ஒரு பழைய பஸ் இருக்கை. கணவர் பஸ் டிரைவர். கழித்துப் போட்ட சீட்டை டிப்போவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் போட்டுவிட்டார். வண்டி ஓட்டாத நேரமெல்லாம் அதில் சாய்ந்து தூங்குவார். அந்தத் தூக்கத்தைத்தான் அம்மா தைத்திருந்தார். சீருடை வெட்டியதில் மிஞ்சிய நீலம், காக்கி, வெள்ளைத் துண்டுகளை நெருக்கி நெருக்கி ஒட்டுப் போட்டு, ஆளுயரத்துக்கும் மேலே ஒரு துணிப்படம். வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் டிரைவர், ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு தரையில். அவரைச் சுற்றி வீட்டிலுள்ள எல்லாச் சாமான்களும் நெருக்கிக்கொண்டு நிற்கும். மேலே வலது பக்கம் மட்டும் ஒன்றுமே இல்லை. ஒட்டு இல்லாத, தையல் இல்லாத, ஒரே வெளிர் சாம்பல் துணி.

ஏணிக்காரர் பார்த்தார். தலை சாய்ந்தது. கண் சுருங்கியது.

"அடடா. தத்ரூபம்! கொறட்டை கேக்குதும்மா. ஒண்ணே ஒண்ணுதான். அந்த வலது மூலை வெறுமனே கிடக்கு. அங்க ஒரு பறவை வெச்சுட்டீங்கன்னா..."

"அது வெறுமனே கிடக்கணும்னுதான் அண்ணே விட்டேன்."

"இல்ல, பாக்கறவங்க துணி பத்தலன்னு நினைப்பாங்க."

"பத்தாமதான் மத்த இடமெல்லாம் ஒட்டுப் போட்டிருக்கேன். அந்த ஒரு துணிய முழுசா அப்படியே வெச்சிருந்தேன். பிள்ளைக்குச் சட்டை தைக்கலாம்னு என் மாமியார் கேட்டாங்க, குடுக்கல."

"சின்னப் பறவை போதும்மா."

"யோசிக்கிறேன் அண்ணே" என்றார் தையல்காரம்மா. யோசிக்கிறேன் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்த இனத்துக்கு மட்டும் தெரியாது.

முந்தின நாள் மத்தியானம் எல்லோரும் கிடங்கில் கூடினார்கள். தேநீர் குடித்தார்கள். அச்சடித்த பெயர்ச்சீட்டுகளைக் கொடுக்கப் போன நானும் ஓரமாக நின்றேன். முதலில் தபால்காரர் துணியை விலக்கினார். பச்சைக் கதவு, பித்தளைப் பூட்டு, வலது மூலையில் ஒரு சிட்டு. மற்ற நாலு பேரில் மூன்று பேர் முகம் சட்டென்று மாறியதைக் கண்ணால் பார்த்தேன். அடுத்தது சலூன்காரர். ஊர்த் தலைவரின் முகம், நரைத்த மீசை, வலது நெற்றிக்கு மேலே தலைவரின் சொந்த முடியாலேயே ஆன ஒரு காக்கை. அடுத்தது போட்டோக்காரர். ப்ரிட்ஜுக்குள் அரை முட்டைக்கோஸ், பால் பாத்திரம், ஊறுகாய் பாட்டில், மேல் தட்டில் வலது ஓரமாக, குளிரில் விறைத்த மாதிரி ஒரு கிளி. அவர் மகளுடைய பொம்மையாம். கடைசியில் வெல்டர். அவர் துணியைப் பாதி விலக்கிவிட்டு, மேற்கொண்டு இழுக்க மனமில்லாமல் நின்றார்.

"இழுங்க மச்சான், பரவால்ல" என்றார் சலூன்காரர். இருவரும் மாமன் மச்சான் முறை கொண்டாடுகிறவர்கள்.

இழுத்தார். கூரையைத் தொடுகிற உயரத்தில் ஒரு இரும்புக் குதிரை. சைக்கிள் சங்கிலியில் பிடரி, டிராக்டர் பல்சக்கரத்தில் மார்பு, கம்பீரமான குதிரை. வலது காதின் மேல், பற்றவைத்த கறை இன்னும் மறையாமல், ஒரு இரும்புக் கழுகு.

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாமல் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஏணிக்காரர் மட்டும் பூரித்துப்போய் நின்றார். "பாத்தீங்களா? இப்பத்தான் எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி இருக்கு!" என்று சொல்லி நாலு தரம் தலையாட்டி, தொங்கவிட வேண்டிய மூன்றுக்கும் ஏணியை நகர்த்தினார்.

பிறகு தையல்காரம்மா துணியை விரித்தார். பறவை இல்லை.

ஏணிக்காரர் கோபிக்கவில்லை. "அவசரமில்லம்மா. நல்லா யோசிங்க. நான் வெளியிலதான் இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், வாசலில் உட்கார்ந்து, மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார்.

மற்றவர்கள் தையல்காரம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். பறவை வைத்துவிட்டவர்களுக்கு வைக்காதவரைப் பார்த்தால் ஒரு எரிச்சல் வரும் பாருங்கள், அது வந்துவிட்டது.

"ஒரு பறவைதானேம்மா. நாங்கல்லாம் வெக்கலையா?" என்றார் தபால்காரர்.

"கிளி பொம்மை இன்னொண்ணு இருக்கு, வேணும்னா தரேன். குண்டூசி போட்டுக் குத்திக்கலாம்" என்றார் போட்டோக்காரர்.

"நாளைக்கு மாட்டலன்னா சுருட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும். இவ்வளவு நாள் உழைப்பும் வீண்" என்றார் சலூன்காரர், நல்ல எண்ணத்தில்தான்.

தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு கோபமும் வந்தது.

"என் வீட்ல வந்து பாத்திருக்கீங்கல்ல எல்லாரும்? கால் வெக்க இடம் உண்டா? அலமாரிக்கு மேல மூட்டை, கட்டிலுக்கு அடியில மூட்டை. மெஷின்ல உக்காந்தா முதுகுல ஒரு பிள்ளை, மடியில ஒரு பிள்ளை. ஏதாவது ஒரு மூலையில ஒண்ணுமே இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு ஒவ்வொரு நாளும் நினைப்பேன். அதைத்தான் தெச்சேன். என் வீட்ல காலியா இருக்கற ஒரே இடம் அதுதான். அதுலயும் ஒரு கோழிய கொண்டாந்து உக்கார வெச்சா நான் எங்க போவேன்?"

மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெல்டர் மட்டும் தம் குதிரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கழுகைப் பற்றவைத்த நாளிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னாள். திடீரென்று, "தங்கச்சி, செருப்பைக் கழட்டுங்க" என்றார்.

"எதுக்கு?"

"குதிரையில ஏறுங்க."

நாலு பேரும் சேர்ந்து இரும்புக் குதிரையைத் தள்ளினார்கள். அது தரையைக் கீறிக்கொண்டு, பல் கூசும்படி அலறிக்கொண்டு, சுவரோரமாகப் போய் நின்றது. முழங்காலில் கால் வைத்து, பல்சக்கரத்தில் கால் வைத்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தையல்காரம்மா முதுகில் ஏறி நின்றார். குதிரை ஆடியது. பிடிக்க ஏதாவது வேண்டுமே என்று கையை நீட்டினார். கழுகு அகப்பட்டது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அத்தனை பறவைகளிலும் ஒரு காரியத்துக்கு உதவிய பறவை அது ஒன்றுதான். முதல் கொக்கியில் கம்பியை மாட்டினார். குதிரையை இன்னும் கொஞ்சம் தள்ளி, இரண்டாவது கொக்கியிலும் மாட்டினார். டிரைவர் சுவர் முழுக்க விரிந்து தூங்கினார்.

அலறல் கேட்டு ஏணிக்காரர் ஓடிவந்தார். பார்த்தார். மூச்சு வாங்கியது. இந்த நேரத்தில் நீங்களும் நானுமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அவர் சொன்னார்:

"ஏறினது சரிதான். வலது காலை முதல்ல வெச்சிருக்கலாம்."

பிறகு சுதாரித்துக்கொண்டு, "ஆனா நான் இன்னும் தலையாட்டலையே? ஒருத்தர் பாக்கின்னாலும் மாட்டக் கூடாதுன்னுதானே பழக்கம்?" என்று பிடித்துக்கொண்டார். எல்லோரும் ஒரு கணம் திகைத்தார்கள். விதி விதிதானே.

"ஏணியில ஏறி மாட்டறதுக்குத்தான் ஏணிக்காரர் தலையாட்டணும்" என்றார் வெல்டர். "இது குதிரையில ஏறி மாட்டினது. குதிரைக்காரன் நான். ஆட்டிட்டேன்."

இதில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று ஏணிக்காரருக்குத் தோன்றியது. எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் மற்ற மூவரும் தலையாட்டி முடித்திருந்தார்கள்.

மறுநாள் திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் கால்நடை மருத்துவர். அழைத்த பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் அன்றைக்குப் பார்த்து வேறு வேலை வந்துவிட்டது, இவருக்கு மட்டும் வரவில்லை. கலையைப் பற்றிப் பேச வேண்டுமே என்று மனிதர் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் சிட்டைப் பார்த்தார், காக்கையைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார், கழுகைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கோழிகளுக்கு வரும் கழிச்சல் நோய், அதன் அறிகுறிகள், தடுப்பூசி போட வேண்டிய வயது என்று வெளுத்து வாங்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் கண்காட்சி வரலாற்றிலேயே கேள்விகள் கேட்கப்பட்ட ஒரே உரை அதுதான்.

ஊர் ஜனங்களும் இது பறவைக் கண்காட்சி என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் வந்து நிற்பது, வலது மூலையைப் பார்ப்பது, "இதோ இருக்கு" என்று விரலை நீட்டுவது, அடுத்ததுக்கு நகர்வது. பச்சைக் கதவை யாரும் பார்க்கவில்லை. ஊர்த் தலைவரே தம் முகத்தைப் பார்க்காமல் காக்கையைப் பார்த்துவிட்டுப் போனார். தபால்காரர் தம் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "சார், பூட்டைப் பாருங்க, பூட்டு ஒரு வாரம் வரைஞ்சேன்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கெஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

தையல்காரம்மாவின் துணிப்படத்துக்கு வந்ததும் கூட்டம் தேங்கிவிட்டது. வலது மூலையில் பறவை இல்லை! அப்படியானால் வேறு எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தேட ஆரம்பித்தார்கள். தேடு தேடென்று தேடினார்கள். சட்டைப் பையில் இருக்குமோ என்று பார்த்து, அந்தச் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சீட்டுக்கு அடியில் பார்த்து, கழன்ற செருப்பின் தேய்ந்த குதிகாலைக் கண்டுபிடித்தார்கள். மூட்டைகளுக்கு நடுவில் எட்டிப் பார்க்கும் பிள்ளையின் கண்ணைக் கண்டுபிடித்து, "அடியே, உன் மகன்!" என்று கூவினார்கள். பறவை மட்டும் அகப்படவில்லை. தேடிக் களைத்தவர்கள் கடைசியில் அந்த வெளிர் சாம்பல் இடத்துக்கே திரும்பி வந்து, நகராமல் நின்றார்கள். தையல்காரம்மா ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

காலை டிரிப் முடித்துவிட்டு டிரைவரும் சீருடையோடு வந்து சேர்ந்தார். பொண்டாட்டி தன்னைத் தைத்திருக்கிறாள் என்று தெரியும், இப்படி வாய் பிளந்து தைத்திருக்கிறாள் என்று தெரியாது. ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று எல்லோரும் பயந்தோம்.

"நான் இவ்வளவு நிம்மதியாவா தூங்கறேன்?" என்றார்.

"ஆமா. அதைப் பாக்கத்தான் எனக்கு வயித்தெரிச்சல்" என்றார் தையல்காரம்மா. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இதுல பறவை எங்கங்க?" என்று யாரோ ஏணிக்காரரைக் கேட்டார்கள். பறவை விஷயத்தில் அவர்தான் பொறுப்பு என்பது அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. முந்தின நாள் மத்தியானம் வாசலில் ஏணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே மனிதர், ஒரு கண் இமைக்கவில்லை.

"நான்தான் வேணாம்னு சொன்னேன். எல்லாத்துலயும் வெச்சாச்சு, ஒண்ணுலயாவது இல்லாம இருக்கணும்ல? அப்பத்தான் எடுப்பா இருக்கும்."

இரும்புக் குதிரைக்கு வாய் இருந்தால் கனைத்திருக்கும். வெல்டர் பல்லைக் கடித்தார். தையல்காரம்மா மட்டும், போகட்டும், இடம் தப்பித்ததே என்று பேசாமல் இருந்தார். ஏணிக்காரர் அதோடு விட்டிருந்தால் நானும் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். விடுவாரா? தலை சாய்ந்தது. கண் சுருங்கியது. விரல் எழுந்தது.

"காலி நல்லாத்தான் இருக்கும்மா. ஒண்ணே ஒண்ணுதான். இன்னும் ரெண்டு விரல் காலி சேத்திருக்கலாம். அந்த அலமாரியைக் கொஞ்சம் வெட்டிட்டு..."

தையல்காரம்மா தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். கைப்பையைத் திறந்தார். துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்தார். எங்கே போனாலும் அதைக் கொண்டுபோகிறவர். பிடியை முன்னால் நீட்டி, மரியாதையாக, அவர் கையில் கொடுத்தார்.

"இந்தாங்க அண்ணே. எவ்வளவுன்னு நீங்களே வெட்டிக் காட்டுங்க."

கால்நடை மருத்துவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். டிரைவர் ஒரு எட்டு முன்னால் வந்தார், பொண்டாட்டி கண்ணாலேயே நிறுத்தினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. மனிதர் நிஜமாகவே வெட்டிவிட்டால் அவ்வளவுதான், திரும்ப ஒட்ட வேறு துணி கிடையாது.

ஏணிக்காரர் கத்தரியை வாங்கினார். பெருவிரலை நுழைக்க வேண்டிய வளையத்தில் நாலு விரலையும், நாலு விரலுக்கான வளையத்தில் பெருவிரலையும் நுழைத்தார். துணியின் பக்கத்தில் போனார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, செய்து முடித்த ஒன்றின் முன்னால், கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கிட்டத்தில் பார்த்தால்தானே தெரியும்? பொடிப் பொடியான தையல். ஒவ்வொரு துண்டுக்கும் மடித்து, உள்ளே திருப்பி, ஓரம் அடித்து. எங்கே வெட்டினாலும் இன்னொன்று அவிழும். கத்தரியை அங்கே கொண்டுபோனார், இங்கே கொண்டுபோனார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அந்த ஒரு நிமிஷம், ஐயோ பாவம் என்று எனக்கே இருந்தது. என்னையறியாமல், விட்டுவிடும் ஐயா, 'எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடும், ஒருத்தரும் உம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் கத்தரியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, கூர்மையைப் பார்த்தார்.

"நல்ல கத்தரி. கொஞ்சம் மொட்டையா இருக்கும்மா. சாணை பிடிச்சு வைங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

"சரி அண்ணே" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார் தையல்காரம்மா. அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

அந்தத் துணிப்படம் ஒரு நூல்கூட அவிழாமல் இப்போது அவர்கள் வீட்டில் தொங்குகிறது. அதற்கென்று தனி இடம் ஏது, அலமாரியை மறைத்துத்தான் தொங்குகிறது. சட்டை எடுக்க வேண்டுமானால் டிரைவரின் காலைத் தூக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மெஷினில் உட்கார்ந்து நிமிர்ந்தால் நேர் எதிரே அந்தச் சாம்பல் இடம் தெரிகிறது என்று தையல்காரம்மா சொன்னார்.

சிரித்தீர்கள் அல்லவா? தாராளமாகச் சிரியுங்கள், ஏணிக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். இப்படிப்பட்ட ஆளை எனக்கும் தெரியும் என்று பக்கத்து வீட்டுக்காரரையோ, மைத்துனரையோ, மேலதிகாரியையோ நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சந்தோஷம். ஒரு சங்கதி மட்டும் கேட்டுவிட்டு முடித்துக்கொள்கிறேன். கொஞ்ச நாள் முன்னால் உங்கள் வீட்டில் யாரோ ஒருவர், மகளோ மகனோ கட்டிக்கொண்டவரோ, தன் கையால் செய்த எதையோ கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்துவிட்டு, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நீங்களும் நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்கள். சொல்லியிருப்பீர்கள், நீங்கள் நல்லவர். அத்தோடு வாயை மூடினீர்களா, இல்லை தொடர்ந்து பேசினீர்களா? பேசியது என்ன என்று ஞாபகம் இல்லையா? உள்ளே போய் அவரைக் கேளுங்கள். அவருக்கு ஞாபகம் இருக்கும்.